ஏரிக்கரைத் தெருவின் சேதப் பட்டியல்

அன்று காலை அஞ்சலையின் வீட்டு முன்னால் இருந்தவர்கள் இவர்கள். கிராம நிர்வாக அலுவலர் தணிகைவேல். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் குமரேசன். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் பலராமன். வீட்டுக்காரி அஞ்சலை. வாசலுக்கு உள்ளே அவள் மகள். மகளின் மடியில், பிறந்து பதினேழு நாளான குழந்தை. அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான். பிறகு, வீட்டின் தெற்குச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், பலராமன் கட்சியின் தலைவர், பேனரில், கைகூப்பிச் சிரித்தபடி.

தலைவரைச் சுவர் என்று எழுதலாமா கூடாதா என்பதுதான் அன்றைக்குப் பிரச்சினை.

நான் கிராம உதவியாளராக இருந்தவன். தலையாரி என்றால்தான் ஊரில் தெரியும். முப்பத்தோரு வருடம் பார்த்தேன். படிப்பு ஐந்தாவது. நிறைய எழுதிப் பழக்கமில்லை. இப்போது எழுதக் காரணம் ஒரு பத்திரிகைக் கட்டுரை.

சென்னையில் இருக்கும் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் எழுதியது. அரசாங்க நிவாரணம் சேதத்தைப் பார்த்துப் போவதில்லை, கட்சியைப் பார்த்துப் போகிறது என்பது அவர் சொல்வது. அதற்கு உதாரணமாகக் கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று எங்கள் ஊரைத்தான் போட்டிருந்தார். பெயர் போடவில்லை. புயலில் ஒரு தெருவில் பதினோரு குடிசை விழுந்தது, பதினொன்றுக்கும் பணம் வந்தது. அது ஆளுங்கட்சித் தெரு. அடுத்த தெருவில் ஏழு விழுந்தது, ஒன்றுக்குத்தான் வந்தது. அது எதிர்க்கட்சித் தெரு.

டீக்கடையில் சத்தமாகப் படித்தார்கள். "ஏழுமலை, இது நம்ம ஊரு தானே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "கணக்கு சரியா?" என்றார்கள். சரி என்றேன்.

கணக்கு சரி. அது எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். பேராசிரியர் என்னிடம் கேட்கவும் கேட்டார்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவும் தலையாரி. அவருக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது. முதல் இரண்டு வருடம் நிலம் அளக்கச் சங்கிலி இழுத்தேன், தமுக்கடித்தேன், தாலுக்கா ஆபீசுக்கு சைக்கிளில் கட்டு கொண்டுபோனேன், மழையில் ஏரி மதகுக்குக் காவல் படுத்தேன். பிறகும் அதையேதான் செய்தேன். சைக்கிள் மட்டும் மொபெட் ஆனது.

எட்டு வி.ஏ.ஓ.க்களிடம் வேலை பார்த்தேன். நின்று பேசும்படியான ஆள் தணிகைவேல் ஒருவர்தான். ஒல்லியான மனிதர். சத்தம் போட மாட்டார். சட்டைப் பையில் ஒரு பென்சில், ஒரு ரப்பர், ஒரு பேனா இருக்கும். வீட்டு வாசலில் நிற்கும்போது பென்சிலில் எழுதுவார். ஊரை விட்டுக் கிளம்பும்போது பேனாவில் எழுதுவார். இடையில் யார் எவ்வளவு கத்தினாலும் ரப்பரை எடுக்க மாட்டார். சாட்சி காட்டினால் எடுப்பார்.

அவர் வந்த வருடம் வெள்ளத்தில் ஆடுகள் செத்தன. செத்த ஆட்டுக்கு நிவாரணம் உண்டு. ஆட்டைக் கண்ணால் காட்ட வேண்டும். முதல் வீட்டில் ஒரு வெள்ளாடு. எழுதினார். இரண்டாவது வீட்டில் ஒரு வெள்ளாடு. எழுதினார். மூன்றாவது வீட்டில் நாங்கள் உள்ளே போவதற்கு முன்பே ஒப்பாரி கேட்டது. அவர் குனிந்து ஆட்டின் காதைப் பார்த்தார். அதில் ஒரு சணல் நூல் கட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் அவர் கட்டியது. எனக்கே தெரியாது.

"ஏழுமலை, இந்த ஆட்டை எனக்கு முன்னாடியே பழக்கம்" என்றார்.

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். "இன்னா சார் பண்றது, என் ஆடு ஆத்தோட போயிடுச்சு. அது செத்த பொணத்துக்கு நான் எங்க போறது?" என்றாள்.

"போன ஆட்டுக்கு வேற ஃபாரம் இருக்குது" என்று சொல்லி, அதை எழுதிக்கொடுத்து, எங்கே தர வேண்டும் என்றும் சொன்னார். அவளுக்குத்தான் முதலில் பணம் வந்தது. முதல் இரண்டு வீட்டில் யாருடைய ஆடு என்று பிறகு ஒரு பஞ்சாயத்து நடந்தது. அது வேறு கதை.

குடிசைக்கு இரண்டே வகை. முழுச் சேதம், பகுதிச் சேதம். முழுசுக்கு வருகிற பணத்தில் ஒரு சுவர் எழுப்பலாம். பகுதிக்கு வருகிற பணத்தில் கீற்று வாங்கலாம், ஏற்றுகூலி கையிலிருந்து போட வேண்டும். அதனால் எல்லாருக்கும் முழுச் சேதம்தான். ஒரு கீற்று பறந்திருந்தால்கூட "பூரா போயிடுச்சு சார்" என்பார்கள். தணிகைவேல் மூன்று கேள்வி வைத்திருந்தார். எல்லா வாசலிலும் அதே மூன்று, அதே வரிசை.

மோட்டுவளை எங்கே? கூரை உச்சியில் நீளவாட்டில் கிடக்கிற மரம் அது. அது முறிந்தால் வீடு இல்லை. முறியாவிட்டால் வீடு உண்டு.

சுவர் எந்தப் பக்கம் விழுந்தது? விழுந்தவர்கள் கையைக் காட்டுவார்கள். விழாதவர்கள் யோசிப்பார்கள்.

ராத்திரி எங்கே படுத்தீர்கள்?

மூன்றாவதுதான் பெரிய கேள்வி. பொய் சொல்ல வந்தவர்கள்கூட அதில் உண்மை சொல்லிவிடுவார்கள். படுத்த இடத்தைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. அஞ்சலைக்குத் தோன்றியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். எந்தப் பட்டியலாக இருந்தாலும் அடியில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்குவார். ஒன்று இந்தக் கட்சி, ஒன்று அந்தக் கட்சி. சட்டத்தில் அப்படி இல்லை. "ரெண்டு பேரும் போட்டுட்டா மேல யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க ஏழுமலை. ஒருத்தர் போட்டா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் மனு போகும்" என்பார்.

எங்கள் ஊரில் அது சுலபம், கஷ்டமும்கூட. குமரேசனும் பலராமனும் சகலைகள். அக்கா தங்கையைக் கட்டியவர்கள். வீட்டுக்காரிகள் ஒரே உரலில் மாவு ஆட்டுவார்கள், இவர்கள் ஒரே மேடையில் ஏற மாட்டார்கள். பண்டிகைக்கு ஒரே இலையில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஒருவரை ஒருவர் ஊழல்வாதி என்று மைக்கில் பேசுவார்கள்.

நிவாரணத்தில் கட்சி உண்டா என்றால் உண்டு. நான் பார்த்த வரையில் தேர்தல் பக்கத்தில் இருந்தால் அரிசி முதலில் வரும், கணக்கெடுக்கிற தாள் பிறகு வரும். தேர்தல் தூரத்தில் இருந்தால் தாள் முதலில் வரும். ஒரு தடவை ஒரு வீடு எரிந்தபோது இரண்டு கட்சியும் சாம்பார் சாதம் கொண்டுவந்தது. இரண்டு அண்டா. வீட்டுக்காரன் இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டு, தெருவுக்கே பந்தி போட்டான். அந்த மாதிரிக் கட்சியால் யாருக்கும் நஷ்டமில்லை.

நான் சொல்ல வந்தது புயல் வருடம். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு ஏழெட்டு நாளுக்கு முன்னால் புயல் அடித்தது. மூன்று நாள் மழை. மலை தெரியவில்லை. மழை விட்ட காலையில் தணிகைவேல் போன் செய்தார். அவர் டவுனில் வெள்ள வேலையில் மாட்டியிருந்தார்.

"ஏழுமலை, விழுந்த வீட்டை யாரும் தொட வேணாம்னு சொல்லிடுங்க. நான் வந்து பாத்து எழுதற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும். ரெண்டு தெருவுலயும் சொல்லிடுங்க."

சரி சார் என்றேன்.

முதலில் பிள்ளையார் கோயில் தெரு. முதலில் அதற்குப் போகக் காரணம், டீக்கடை அங்கே இருக்கிறது. டீக்கடையில் நின்று சொன்னேன். குமரேசன் அங்கே இருந்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவர் வீடு வீடாகப் போய், "யாரும் ஒரு கீத்தைக்கூடத் தொடக்கூடாது. நான் ஆபீசர்கிட்ட பேசிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் பேசவில்லை. ஆனால் சொன்னது சரியான விஷயம். மொபெட்டில் சுற்றுகிற வேலை எனக்கு மிச்சம்.

அங்கிருந்து ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். போய்ச் சேரும்போது அங்கே திருவிழா மாதிரி இருந்தது. பலராமன் ஒரு டிராக்டர் மூங்கில் இறக்கியிருந்தார். இருபது ஆட்கள். விழுந்த ஏழு வீட்டிலும் ஆள் ஏறியிருந்தது. பழைய மரத்தை வெட்டி அடுப்பு மூட்டி, பெரிய பாத்திரத்தில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தார்கள். போன மாநாட்டுக்கு அடித்த பேனர்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கூரைக்கு அவை, சுவருக்கும் அவை.

"அவங்க ஆட்சி வந்து பாக்கறதுக்குள்ள தை பொறந்துடும் அண்ணா. நாம நாளைக்குள்ள முடிச்சுப் படம் எடுத்துப் போடறோம். அரசு வராத இடத்துக்கு நாங்க வந்தோம்னு" என்றார் பலராமன். முகம் மலர்ந்திருந்தது.

அஞ்சலை தலையில் மண்சட்டியோடு வந்தாள். அவள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் வேகவைத்த கடலை விற்பவள். புருஷன் இல்லை. பிரசவத்துக்கு வந்த மகள் பச்சை உடம்போடு பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தாள். "தீபம் வருது. கூரை இல்லாத வூட்ல எங்க வெளக்கு வெக்கிறது? பலராமன் தம்பி நல்லா இருக்கணும்" என்றாள்.

"அண்ணா, சும்மா நிக்கறியே, இந்த மூங்கிலைப் பிடி" என்று மேலேயிருந்து ஒருவன் கத்தினான்.

பிடித்தேன். சாயந்தரம் வரைக்கும் பிடித்தேன். ஏழு வீடும் எழுந்து நின்றது. உப்புமா நன்றாக இருந்தது.

ஐந்து நாள் கழித்து, தீபத்துக்கு முதல் நாள், தணிகைவேல் வந்தார். மத்தியானம் மூன்று மணிக்குள் பட்டியல் தாலுக்கா ஆபீசில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாருக்கும் தீப டூட்டி. கூட்டத்தில் ஆபீசில் பேப்பர் வாங்கக்கூட ஆள் இருக்காது.

பிள்ளையார் கோயில் தெரு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பதினோரு வீடும் விழுந்தது விழுந்தபடி கிடந்தது. மோட்டுவளை முறிந்து கண்ணுக்கு முன்னால். பதினொன்றும் முழுச் சேதம்.

ஏரிக்கரைத் தெருவுக்கு வந்தோம். சாணி மெழுகி, கோலம் போட்டு, மாவிலை கட்டி, ஏழு வீடும் பளிச்சென்று இருந்தது. தணிகைவேல் தெருமுனையில் நின்றுவிட்டார். பென்சிலைக் காதில் சொருகினார்.

"ஏழுமலை, ரெண்டு தெருவுலயும் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்" என்றேன்.

சட்டென்று வந்துவிட்டது. சொல்லவில்லை என்றால் மெமோ வரும். ஓய்வுக்கு முன்னால் மெமோ வந்தால் பென்ஷன் பேப்பர் நகராது. இதையெல்லாம் யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

பலராமன் பின்னால் நின்றிருந்தார். "எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

"எங்க தெருவுல சொன்னாங்களே. நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன்" என்றார் குமரேசன்.

"உன் தெருவுக்குச் சொல்லுவ சகலை. ஆளுங்கட்சியாச்சே. எங்களுக்கு எதுக்குச் சொல்லப் போற?"

"உனக்குச் சொன்னா மட்டும் கேட்டிருப்பியா? படம் புடிக்கிற அவசரத்துல இருந்த."

பலராமன் என்னைப் பார்த்தார். நான் நாடாவைப் பார்த்தேன். அந்த நிமிடத்திலிருந்து அது கட்சி விஷயம் ஆகிவிட்டது.

முதல் ஆறு வீட்டில் தணிகைவேல் வாசலில் நின்று முதல் கேள்வியைக் கேட்டார். மோட்டுவளை எங்கே? ஆறு வீட்டிலும் பழைய மரம் பலராமன் உப்புமாவுக்கு எரிந்திருந்தது. கீற்றையும் சேர்த்து எரித்துவிட்டார்கள். ஆறு முறை கேட்டார். ஆறு முறை பென்சிலில் ஒரு கோடு போட்டார்.

ஏழாவது அஞ்சலை வீடு. முதலில் சொன்ன ஆட்கள் எல்லாரும் நின்றோம்.

"மோட்டுவளை எங்கம்மா?"

"கொடுத்துட்டேன் சார், கோயிலுக்கு."

அவர் ஏழாவது கோட்டையும் போட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போனார். "சுவர் எந்தப் பக்கம் விழுந்தது?"

அஞ்சலை தலைவரைக் காட்டினாள். காற்றில் தலைவர் உள்ளே போய் வெளியே வந்தார்.

"பேனரைச் சுவர்னு எழுத முடியாது" என்றார் தணிகைவேல்.

"அப்ப சுவர் இல்லைனு எழுதுங்க சார்" என்றேன் நான்.

"இரு இரு" என்றார் குமரேசன். "கட்டிக் கொடுத்தவர் பக்கத்துலயே நிக்கறாரு. அவரையே கேளுங்க. ஏன் சகலை, இது வீடா, வீடு இல்லையா? பேஸ்புக்ல புது வீடுனு போட்டியே."

பலராமன் கழுத்துத் துண்டைச் சரி செய்தார்.

தணிகைவேல் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். "விழுந்த அன்னிக்கு ராத்திரி எங்கம்மா படுத்தீங்க?"

"எங்க வூட்லதான் சார்" என்றாள் அஞ்சலை. "வேற எங்க போறது?"

 மகள் உள்ளேயிருந்து, "இன்னாம்மா சொல்ற? பள்ளிக்கூடத்துல தானே படுத்தோம்" என்றாள்.

"நீ சும்மா இரு. பச்ச ஒடம்புக்காரிய பள்ளிக்கூடத்துத் தரையில போட்டு வெச்சேன்னு ஒங்க மாமியார் காதுக்குப் போவணுமா? கவர்மெண்ட் நோட்டுல வேற எழுதணுமா?"

குமரேசன் சிரித்தார். தணிகைவேல் சிரிக்கவில்லை. பென்சில் பேப்பருக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. வீட்டுக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். குழந்தையின் தலைமாட்டில் பேனர் ராத்திரிப் பனியில் ஈரமாகவே இருந்தது. இன்னொரு மழைக்கு அது தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும். தீபத்துக்குப் பிறகு ஒரு மழை எப்போதும் உண்டு.

"கோயிலுக்குக் கொடுத்தேன்னீங்களே. எந்தக் கோயில்? எதுக்கு?"

"நம்ம மாரியம்மன் கோயிலுக்குதான் சார். சொக்கப்பனைக்கு."

மலைமேல் தீபம் தெரிந்ததும் ஊர்க் கோயில் முன்னால் கம்பம் நட்டு ஓலை கட்டிக் கொளுத்துவது வழக்கம். ஏழு வீட்டு மரத்தில் அஞ்சலையுடையதுதான் நீளம். பனைமரம். வெட்டாமல் அதை மட்டும் கம்பத்துக்கு எடுத்திருந்தார்கள்.

தணிகைவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. "நாளைக்குச் சாயங்காலம் சாட்சி எரிஞ்சிடும். வாங்க போகலாம்" என்றார்.

எல்லாரும் போனோம். அஞ்சலை வழியெல்லாம் மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் கூலிக்குப் பதிலாக வாங்கியது. நடுவில் தூளிக் கயிறு அறுத்த பள்ளம் இருக்கும். மூன்று பிள்ளைகளை அதில் ஆட்டியது.

கோயில் முன்னால் சொக்கப்பனை ஓலை கட்டி நின்றது. அதில் ஒரு சின்னத் தட்டி தொங்கியது. உபயம் பலராமன் என்று இருந்தது. மரம் அஞ்சலையுடையது, உபயம் பலராமனுடையது. குமரேசன் அதை இரண்டு முறை படித்தார்.

நான் ஓலையை விலக்கினேன். கைக்கெட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பள்ளம் இருந்தது. விரல் உள்ளே போகிற அளவு. தணிகைவேல் நிமிர்ந்து பார்த்தார். நாடாவைப் பிடித்து உயரத்தை அளந்தார். வீட்டின் நீளத்தை ஏற்கெனவே அளந்திருந்தோம். புதைந்ததையும் சேர்த்தால் ஒத்துப்போனது.

"அந்த வீட்டு மரம்னு தெரியுது. முறிஞ்ச மரம்னு எப்படி எழுதறது? நல்ல மரத்தைக் கழட்டிக் கொடுத்திருக்கலாமே" என்றார்.

"அடிப்பக்கம் பொளந்திருக்குது சார். அந்த முனையதான் புதைச்சாங்க" என்றாள் அஞ்சலை.

நான் கடப்பாரை வாங்கப் போனேன். பூசாரி குறுக்கே வந்தார். "நட்ட கம்பத்தை அசைக்கக் கூடாது ஏழுமலை. ஊருக்கு ஆகாது."

"கம்பத்தை அசைக்கல சாமி. மண்ணைத்தான் எடுக்கறேன்."

"மண்ணை எடுத்தா கம்பம் சாயும்."

"சாஞ்சா நான் புடிச்சுக்கறேன்" என்றார் பலராமன்.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பத்தைக் கட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குமரேசனும் வந்து எதிர்ப்பக்கம் பிடித்தார். யாரும் கூப்பிடவில்லை. "விழுந்தா என் தலையிலயும் தானே விழும்" என்றார். நான் முட்டி போட்டுக் கையால் மண்ணைத் தோண்டினேன். ஒரு முழம் போனதும் பிளவு தெரிந்தது. நீளமாக, நாரோடு.

தணிகைவேல் குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

எழுதி முடித்து இரண்டு சாட்சிக் கையெழுத்து கேட்டார். எழுதியதைப் படித்துக் காட்டினார். வீடு முழுமையாக இடிந்து, தற்போது வசிக்கத் தகுதியற்ற தற்காலிகக் கூரையுடன் உள்ளது என்று இருந்தது.

பலராமன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வசிக்கத் தகுதியற்றனு போட்டிருக்கீங்களே சார். நாங்க கட்டினது."

"ஆமா."

"படம் போட்டிருக்கோம். மாவட்டச் செயலாளரே பாராட்டியிருக்காரு."

"அந்த வார்த்தை போடலன்னா பகுதிச் சேதம்கூட எழுத முடியாது பலராமன். நிக்கிற வீடு."

பலராமன் அஞ்சலையைப் பார்த்தார். அவள் கம்பத்தில் கலைந்த ஓலையைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நாங்க போராடி வாங்கிக் கொடுத்தோம்னு சொல்லிக்குவோம்" என்றார்.

"சொல்லிக்கோ" என்று குமரேசன் பேனாவை வாங்கினார். "பணம் எங்க ஆட்சிப் பணம். நாங்க கொடுத்தோம்னு நாங்க பேனர் வெப்போம்."

"ரெண்டு பேரும் வெச்சுக்கங்க. சுவர் பக்கம் மட்டும் வெக்காதீங்க" என்றார் தணிகைவேல். அவர் பேசி நான் கேட்ட ஒரே கிண்டல் அதுதான், ஆட்டை விட்டால்.

கிளம்பும்போது மொபெட் பக்கத்தில் நின்று பேனாவில் எழுத ஆரம்பித்தார். முதல் ஆறு கோட்டுக்கு மேலே வந்ததும் நிறுத்தினார். "சொன்னீங்க இல்ல ஏழுமலை? அறிவிப்பே போகலன்னா அதைக் காரணம் காட்டி தாசில்தாருக்கு ஒரு குறிப்பு எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரங்க வாக்குமூலம் வாங்கிச் சேத்துடலாம்" என்றார்.

"சொன்னேன் சார்."

ஆறு இடத்தில் சேதமில்லை என்று பேனாவில் எழுதினார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியலைத் தாலுக்கா ஆபீசில் கொடுத்தேன். மறுநாள் மலையில் தீபம் ஏறியது. மாரியம்மன் கோயிலில் சொக்கப்பனை நன்றாக எரிந்தது.

பேராசிரியர் நாலைந்து மாதம் கழித்து வந்தார். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நல்ல மனிதர். தரையில் உட்கார்ந்தார், கொடுத்த மோரைக் குடித்தார். வீடு வீடாகப் போய் யார் எந்தக் கட்சி, எவ்வளவு வந்தது என்று ஒரு மாதம் எழுதினார். கடைசியில் என் வீட்டுக்கு வந்தார்.

"வீட்டைத் தொட வேண்டாம்கிற தகவல் ஒரு தெருவுக்குப் போயிருக்கு, இன்னொரு தெருவுக்குப் போகலை. ஆளுங்கட்சிக்காரர்தான் அங்க வீடு வீடா சொன்னதா சொல்றாங்க. அவருக்குத் தகவல் யார் கொடுத்தது?"

"நான்தான்."

"அடுத்த தெருவுல?"

"சொன்னேன்."

"அங்க யாரும் கேட்டதா சொல்லலையே."

"மழைச் சத்தம்" என்றேன். அன்றைக்கு மழை விட்டிருந்தது.

அவர் நோட்டை மூடினார். உங்களுக்கு ஏதாவது அழுத்தம் இருந்ததா என்று மெதுவாகக் கேட்டார். கட்சிக்காரர்கள் மிரட்டினார்களா என்று. நான் பதில் சொல்லவில்லை. பயந்துபோய்ப் பேசாமல் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போல. கட்டுரையில் அப்படி ஒரு வரி வருகிறது. கீழ்நிலை ஊழியர்கள் பேச அஞ்சுகிறார்கள் என்று. அது உண்மைதான். யாருக்கு அஞ்சினேன் என்பதுதான் வேறு.

ஓய்வு பெற்றேன். மெமோ எதுவும் இல்லாததால் பென்ஷன் மூன்றாவது மாதமே வந்தது. தணிகைவேல் மாற்றலாகி ஆரணிப் பக்கம் போய்விட்டார். இப்போது சேதத்தைப் போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டுமாம். நல்ல ஏற்பாடு. படம் எடுக்கிற வரைக்கும் தொட வேண்டாம் என்று அப்போதும் யாராவது போய்ச் சொல்லத்தான் வேண்டும்.

அஞ்சலை பணம் வந்ததும் தெற்குப் பக்கம் செங்கல் சுவர் வைத்தாள். தலைவரை ஆட்டுக்கொட்டகைக்கு மாற்றிவிட்டாள். பேரப்பிள்ளை அந்தச் சுவரைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினான்.

கட்டுரை வந்த பிறகு பலராமன் அதைப் பெரிதாக்கிக் கடைத்தெருவில் பேனர் வைத்திருக்கிறார். ஏழுக்கு ஒன்று, நியாயம் எங்கே என்று கேட்டிருக்கிறார். குமரேசன் பேராசிரியர் எதிர்க்கட்சி ஆள் என்கிறார். போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, நான் ஏரிக்கரைத் தெருவுக்குச் சொல்லாதேன்னு எவன்கிட்டயாவது சொன்னேனா? நீயே சொல்லு. எங்க சகலை வூட்டுப் பொம்பளைங்களே என்கிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசறதில்ல. என் பொண்டாட்டி தனியா மாவாட்டறா."

"நீ சொல்லல" என்றேன்.

"அதை நாலு பேருகிட்ட சொல்லேன்."

அதற்காகத்தான் எழுதினேன். பேராசிரியரின் கணக்கில் ஒரு திருத்தம். குமரேசன் யாரையும் தடுக்கவில்லை. பலராமனுக்குத் தகவல் தெரியாது. தணிகைவேல் சார் இரண்டு முறை கேட்டார். ஏரிக்கரைத் தெருவில் நான் மூங்கில் பிடித்தேன், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. ஏழில் ஒன்றை மண்ணைத் தோண்டி எடுத்தேன். கட்சிக்கு எழுதிய மீதி வீடுகளை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆறு.